சாமைக் கூடத்துத் தளத்தில் கொக்கி வேண்டாம்

அன்பும் அறிவும் நிறைந்த, ஆனால் நான் கூப்பிட்டால் மட்டும் போனை எடுக்காத விஜயராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் நதியா எழுதிக்கொள்வது. இங்கே மலையில் எல்லோரும் நலம், ஊர்ச் சாமை மூட்டைகளை அடுக்க நீங்கள் வரைபடம் போட்டுக் கொடுத்த சாமைக் கூடத்தின் மேல்தளத்தைத் தவிர. என் பெயரைப் பார்த்ததும் 'புதுப் புளுகு' என்று கிழித்துவிட வேண்டாம். போன மாதம் தண்ணீர்த் தொட்டியில் முதலை என்று ஊரைக் கூட்டியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். இது அப்படி இல்லை.

திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் வந்து தளத்துக்குள் ஓடும் கேபிள்களை ஜாக்கி வைத்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் தளம் நடுவில் லேசாக மேலெழும்ப, அடியில் நின்ற முட்டுக் கம்பங்கள் தானாகவே தளர்ந்து ஆடின. தொய்ந்த கொடிக்கயிற்றை இரு முனையிலும் இழுத்தால் நனைந்த போர்வையும் சேர்ந்து எழும்புமே, அதே கதைதான் என்று வரைபடம் காட்டியபோது நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது, கூடத்துக் கமிட்டித் தலைவரான என் அப்பாவுக்குத்தான் புரியவில்லை. "தளம்னா தொங்கும், பாத்துக்கீறேன். இது இன்னாத்துக்கு மேல எழும்புது? கண்ணு பட்டுடுச்சு" என்றார். மேஸ்திரி சுப்பிரமணி அண்ணன் உடனே, "பூசணிக்கா கட்டிடலாங்க. நட்டநடுவுல ஒரு கொக்கி போட்டா போச்சு" என்று டிரில்லிங் மெஷினைத் தூக்கிவிட்டார். நட்டநடுவில்தானே மாமா கேபிள் தளத்தின் அடிவயிற்றை ஒட்டி ஓடுகிறது! ஒவ்வொன்றிலும் பதினான்கு டன் இழுவை! "அப்பா, கேபிள் அறுந்தா தளமும் போயிடும், மெஷின் புடிச்ச அண்ணனும் போயிடுவாரு" என்று கத்தினேன். "அந்த முதலையும் கேபிளைப் புடிச்சிக்கினுதான் தொங்குதா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சுப்பிரமணி அண்ணனும் சிரித்தார்! அவர் உயிருக்காகத்தான் நான் வாதாடுகிறேன்!

ஆகவே மூன்று நாளாகக் கால் பரீட்சை லீவை ஏணியின் மேல்படியில் கழிக்கிறேன். இருப்பது ஒரே ஏணி, நான் இறங்கினால் மெஷின் ஏறிவிடும். சாப்பாடும் இங்கேதான் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் 'துளை போடக் கூடாது' என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி வர வேண்டும். வரும்வரை இறங்க மாட்டேன், அம்மா பஜ்ஜி போட்டாலும்.

அத்தைக்கு வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும் தளத்துக்கு அதைவிட நீண்ட ஆயுளும் வேண்டும்,

ஏணி மேலிருந்து
நதியா

பின்குறிப்பு: இறங்க முடியாததால் கடிதத்தைத் தபாலில் போட அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை அப்பாவிடமே கொடுத்துவிட்டாள். படித்தவர் கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு மெஷினை வாங்கிப் பூட்டிவிட்டார். "பொய்யா இருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டா" என்கிறார். வெற்றி! ஆனால் செங்கல் சுவரில் லைட்டு மாட்ட வந்த சுப்பிரமணி அண்ணனையும், "உள்ள கேபிள் கீதுய்யா!" என்று விரட்டுகிறார். சுவரில் கேபிளே இல்லை என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. இப்படியே போனால் திறப்பு விழா இருட்டில்தான். அதனால் மாமா, தயவுசெய்து அந்த ஒரு வரியை மாற்றி எழுதுங்கள்: 'சுவரில் மட்டும் துளை போடலாம்.'