பரண் வரைக்கும் பாடம்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் முடிவெடுத்துவிட்டார். ப்ரோகிராமிங் கற்றுக்கொள்வது. அதற்கு ஒரு தனி வாத்தியாரைப் பிடிப்பது. முக்கியமாக, மனைவியின் காதுக்கு எட்டாமல் பிடிப்பது.

கதவு, ஜன்னல், பூட்டு, கீல் விற்கும் நிறுவனத்தின் கிடங்கில் அவர் சூப்பர்வைசர். தெருவிலும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் அவரையே மேற்பார்வை பார்க்க ஆள் இருந்ததால் அந்தப் பட்டம் வாசலோடு நின்றுவிடும். முந்தின நாள் மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். கிடங்கு முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது. அதைக் கவனிக்க உள்ளேயே ஒரு ஆள் வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பரீட்சை வைப்பார்கள். ப்ரோகிராமிங் தெரிந்தவருக்குக் கண்ணாடி அறை, ஏசி, சுழலும் நாற்காலி. தெரியாத சூப்பர்வைசருக்கு ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கிடங்கு. அங்கே பஸ் போகாது. மழைத்தண்ணீர் மட்டும் தவறாமல் வரும்.

இதை மனைவியிடம் உளறியதுதான் தப்பாகப் போயிற்று.

"இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க? என் தம்பி கம்ப்யூட்டர்லதானே இருக்கான். ஒரு போன் போட்டா சொல்லித் தரப்போறான்."

"உன் தம்பிகிட்டயா? நானா?"

"ஏன், கடிச்சிடுவானா?"

"அக்கா புருஷன்னு ஒரு மரியாதை இருக்கா இல்லையா? அவன் முன்னாடி நான் கையைக் கட்டிட்டு உட்காரணுமா?"

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். என் அனுபவத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் என்ன பெரிய கம்ப்யூட்டர்."

மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே "சரி" என்றாள். இருபது வருஷ அனுபவத்தில் சொல்வதானால், அந்த "சரி"யில் ஒரு எழுத்துகூட அவருக்குச் சாதகமாக இல்லை. இவ்வளவு வீராப்புப் பேசிவிட்டு இனி வாத்தியார் தேடுவது வெளியே தெரிந்தால் மானம் போகும். அதனால்தான் இந்த ரகசியம்.

முதல் வாத்தியார் போன் திரையில் வந்த ஒரு இளைஞர். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கீல் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சூப்பர்வைசர் பாடம் கேட்டார். இளைஞர் மூச்சு விடாமல் பேசினார். நடுநடுவே "புரியுதா சார்?" என்றார். "புரியுது" என்றார் இவர். மரியாதைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே பாடம் பத்து அத்தியாயம் ஓடிவிட்டது.

"இப்போ உங்க லேப்டாப்ல என்ன வந்திருக்கு சார்?"

"லேப்டாப் வேற வாங்கணுமா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அது நெட்வொர்க் கோளாறுதான் என்று சூப்பர்வைசர் இன்றுவரை நம்புகிறார்.

இரண்டாமவர் நேரில் வந்து சொல்லித்தருபவர். வீட்டுக்கு வருகிறேன் என்றதும் சூப்பர்வைசர் வெலவெலத்துப் போய் அவரைப் பூங்காவுக்கு வரச் சொன்னார். அங்கே உட்கார்ந்து அவர் ப்ரோகிராமிங் மொழிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டித் தீர்த்தார். இது மெதுவாம், அது கிழடாம், இன்னொன்று ஏமாற்றுவேலையாம். கடைசியில் மிச்சமிருந்த ஒரே மொழியும் சீக்கிரம் செத்துவிடும் என்றார். துக்க வீட்டிலிருந்து திரும்புவதுபோல சூப்பர்வைசர் வீடு திரும்பினார்.

மூன்றாமவர் கிடைத்தது ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில். "கணினி அறிவியல். தனி வகுப்பு. தெரியாது என்று சொல்லத் தெரிந்தால் போதும்." இந்த ஒரு தகுதி தனக்கு நிறையவே இருப்பதாக அவருக்குப் பட்டது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லித்தரும் டீச்சர் அவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் சந்தேகம் வராது.

"கொஞ்ச நாளைக்குக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது சார்" என்றார் டீச்சர். "முதல்ல அது மாதிரி யோசிக்கப் பழகணும். வீட்டுல நீங்க தினம் பண்ற வேலை ஒண்ணு சொல்லுங்க. அதை வெச்சே ஆரம்பிப்போம்."

சூப்பர்வைசர் வெகுநேரம் யோசித்தார்.

"டிவி பார்ப்பேன்."

"வேலை சார்."

"சாப்பிடுவேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வாங்க. நல்ல உதாரணமா யோசிச்சு வைக்கிறேன்."

மறுநாள் மேஜைமேல் ஒரு சட்டை காத்திருந்தது.

"இதை மடிக்கணும். நான்தான் கம்ப்யூட்டர். நீங்க கட்டளை போடுங்க."

கட்டளை என்றதும் சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சட்டையை எடுங்க. ரெண்டா மடிங்க. அவ்வளவுதான்."

டீச்சர் அப்படியே செய்தார். ஒரு கை தரையைத் தொட்டது. காலர் பாதியில் மாட்டிக்கொண்டு முழித்தது.

"கை தொங்குதே மேடம்."

"கையைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"அதெல்லாம் சொல்லாமலே தெரியணும்ல?"

"சொல்லாமலே தெரிஞ்சுக்கறது மனுஷங்க வேலை சார். கம்ப்யூட்டருக்கு ஒண்ணொண்ணாச் சொல்லணும்."

சூப்பர்வைசருக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவ்வளவுதானா? இவ்வளவு நாள் பூதம் என்று பயந்தது, சொன்னதை மட்டும் செய்யும் ஒரு அசட்டு வேலையாளா? உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டில் இருக்கும் துணி எல்லாவற்றையும் மடித்து, எதற்கும் பொருந்துகிற மாதிரி கட்டளைகளைச் சரிபண்ணிக்கொண்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க இது, துணியெல்லாம் மடிக்கிறீங்க?"

"சும்மாதான். நீயும் எவ்வளவுதான் கஷ்டப்படுவ."

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜுரம் இல்லையே."

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார் சூப்பர்வைசர்.

அடுத்த பாடம் சுழல். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. "தொட்டியில் பாத்திரம் இருக்கிறவரை, ஒன்றை எடு, கழுவு, கவிழ்த்து வை." சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். மறுநாள் டீச்சரின் வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தார்.

"மேடம், சுழல் நிக்கவே மாட்டேங்குது. நான் ஒண்ணு கழுவி வெச்சா வீட்டுல ரெண்டு கொண்டுவந்து போடுறாங்க."

"அடடா, இதுக்குப் பேருதான் முடிவில்லாச் சுழல். எவ்வளவு பேருக்குப் புரியாத விஷயம் தெரியுமா? எங்க கோளாறுன்னு கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அதை மாத்த என்னால முடியாது."

டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தும்மலாக இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் வரிசைப்படுத்துதல். சமையலறை டப்பாக்களில் பக்கத்துப் பக்கத்து டப்பா இரண்டை ஒப்பிட்டு, உயரமானதை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடைசி டப்பா இடத்தில் உட்கார்ந்தபோது அலமாரி பளபளத்தது. துடைத்துவிட்டு அடுக்கச் சொல்லித்தான் டீச்சர் உத்தரவு. அன்று சாயங்காலம் முதன்முறையாக அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார் டீச்சர். டப்பாவுக்குச் செய்ததையே எண்களுக்குச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்துத் தட்டினார் சூப்பர்வைசர். இரண்டு தடவை திரை சிவப்பாகக் கோபித்துக்கொண்டது. மூன்றாவது தடவை, கலைந்து கிடந்த எண்கள் வரிசையாக வந்து நின்றன.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தான் சொன்னதை ஒரு பொருள் மறுபேச்சுப் பேசாமல் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. வழியில் எதிர்வீட்டுக்காரரின் மருந்துக்கடை இருந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீங்களும் சேருங்க சார். ஆனா வீட்டுக்குத் தெரிய வேண்டாம். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது."

மருந்துக்கடைக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

கடைசிப் பாடம் தற்சுழற்சி. அதாவது ஒரு வேலைக்குள்ளேயே அதே வேலை. "பெட்டியைத் திற. உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால் அதற்கும் இதையே செய். இல்லாவிட்டால் துடைத்து வை." இப்படிப் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும் இடம் எந்த வீட்டிலும் ஒன்றுதான் உண்டு. சூப்பர்வைசர் பரணில் ஏறினார். ஒட்டடை தலையில் தொப்பி போட்டது. மனைவி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மூலையில இன்னும் ரெண்டு இருக்குங்க."

"மூலையை விட்டா பாடம் எப்படி முடியும்?"

"என்ன பாடம்?"

"பரண் கத்துக்குடுக்கற பாடம். பொறுமை, பொறுமை."

நாக்கைக் கடித்துக்கொண்டாலும், சமாளித்த சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே உச்சி குளிர்ந்தது.

பரீட்சை நாள் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் அம்மாள் ஒரே கேள்விதான் கேட்டார். "லாரியில சரக்கு வருது. பெட்டிக்குள்ள பெட்டியா இருக்கு. எல்லாத்தையும் எண்ணி அடுக்கக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வீங்க?" முன்னால் போனவர்கள் வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் ஒப்பித்துவிட்டு வியர்த்துப்போய் வந்தார்கள். சூப்பர்வைசர் கண்ணை மூடினார். பரண் தெரிந்தது. தட்ட ஆரம்பித்தார். திரை ஒருமுறை சிவந்தது. எதைச் சொல்லாமல் விட்டோம் என்று பார்த்தார், சொன்னார். ஓடியது.

பொறியாளர் அம்மாள் கை குலுக்கினார். கண்ணாடி அறை அவருக்குத்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது அவர் கால் தரையில் படவில்லை. வேலை கிடைத்ததைச் சொன்னார். டீச்சரைச் சொன்னார். வாக்கிங் என்று ஏமாற்றியதைச் சொன்னார். இனி மறைத்து என்ன, ஜெயித்தாயிற்று.

"ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வந்துச்சா? உண்மையைச் சொல்லு."

"எனக்கென்னங்க தெரியும். நான் உண்டு, என் மெஷின் உண்டுன்னு கிடக்கறவ."

"உன் தம்பிகிட்டச் சொல்லு. யார் தயவும் இல்லாம அத்தான் கத்துக்கிட்டாருன்னு."

அப்போது கதவு தட்டும் சத்தம். மருந்துக்கடைக்காரரின் மனைவி. சூப்பர்வைசர் கதவு மறைவில் உட்கார்ந்திருந்தது அவள் கண்ணில் படவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரரும் இன்னிக்கு டீச்சர்கிட்டச் சேர்ந்துட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்காரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க டீச்சர். பாத்திரத்துலேர்ந்து ஆரம்பிக்கவா, இல்ல உங்க வீட்டுக்காரருக்கு நீங்க சொன்ன மாதிரி துணியிலேர்ந்து ஆரம்பிக்கவான்னு."

சூப்பர்வைசர் எழுந்திருக்கப் பார்த்தார். பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவருக்கு வீட்டுல என்ன வேலை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுக்கா."

"இவரும் அப்படித்தான் இருந்தாரு. துணியிலேர்ந்தே போகட்டும். நடுவுல அவசரப்பட்டுக் கம்ப்யூட்டர்ல உட்கார வெச்சுடப் போறாங்க. பரண் முடியற வரைக்கும் இழுக்கச் சொல்லு."

அவள் போனதும் சூப்பர்வைசர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"டீச்சரை உனக்கு..." என்று இழுத்தார்.

"என்கிட்டதான் துணி தைக்கறாங்க. நீங்க சேர்ந்த அன்னிக்கே வந்தாங்க, உங்களுக்கு வீட்டுல ஒரு வேலையும் தெரியலையே, எதை வெச்சுச் சொல்லித்தரதுன்னு பாவம் தவிச்சாங்க."

"அப்போ அவ்வளவும் நீ போட்ட திட்டமா?"

"சேச்சே. பாடமெல்லாம் டீச்சரோடது. உதாரணம் மட்டும்தான் என்னோடது."

கோபப்படலாமா என்று சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். ஆனால் கண்ணாடி அறை நிஜம். சுழலும் நாற்காலி நிஜம். கற்றதும் நிஜம். கழற்றிய சட்டையைக் கை தொங்காமல் மடித்து வைத்தார்.

மனைவி மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு மேல்படிப்பு நாளைக்கே தொடங்குதாம். அதுக்கும் உதாரணம் கேட்டாங்க. சமையல்னு சொல்லியிருக்கேன்."