ஏழு கைகளும் நாலாவது பரிமாணமும்

விஞ்ஞான விளக்கர் என்று ஓர் இனம் உண்டு. படம் மாட்டியிருக்கும் இடமெல்லாம் இருப்பார். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். பாரிஸில், இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டில், தடுக்கி விழுந்தால் இவர் மேல்தான் விழ வேண்டும். ரேடியத்தைப் பற்றிப் பாதிச் சொற்பொழிவு, எக்ஸ்ரே பற்றிப் பத்திரிகையில் கால் பத்தி, சவரக் கடையில் காதில் விழுந்த நாலாவது பரிமாணம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி வைத்திருப்பார். படத்தில் கோணலாக ஒரு மூக்கைக் கண்டால் போதும், தொண்டையைச் செருமுவார். "அணுவே ஓரிடத்துல நிக்கலையாம். மூக்கு மட்டும் எதுக்கு நிக்கணும்?" என்பார். யார் கேட்டார்கள்?

முசியே பெர்தோலன் இதில் முதல்தரம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஓவியர்கள் ஏணியில் ஏறித் தங்கள் படங்களுக்கு வார்னிஷ் பூசுவார்கள். ஊர் வந்து வேடிக்கை பார்க்கும். க்ளெமான்ஸ் ரூவியே ஏணி மேல் இருந்தாள். மூன்று வருஷம் கண்காட்சிக்காரர்கள் திருப்பியனுப்பிய பிறகு முதல்முறையாக மாட்டப்பட்ட அவள் படம். அதில் அவள் அம்மா பட்டாணி உரிக்கிறாள். அம்மாவுக்கு ஏழு கைகள். சூப் கடை நடத்தும் மதாம் கோஷார் ஏணிக்குக் கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா கையும் இப்படித்தாம்மா, ஒரு நிமிஷம் சும்மா கிடக்காது. எங்கடையில மாட்டிக்கிறேன், எனக்குக் குடுப்பியா?"

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று க்ளெமான்ஸ் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! "இந்த ஓரத்தை முடிச்சிட்டு வந்துடறேன், மதாம். வார்னிஷை நடுவுல விட்டா காஞ்சு தழும்பு விழுந்துடும்."

ஓரம் முடிவதற்குள் பெர்தோலன் வந்துவிட்டார்.

"கைன்னா நினைச்சீங்க, மதாம்? காலம்! நாலாவது பரிமாணம்! எக்ஸ்ரே வந்தப்புறம் தோலை யாரு நம்பறா?"

"பட்டாணி உரிக்கிறாங்கன்னு..."

"பட்டாணியா? அதெல்லாம் அணு!"

மதாம் கோஷார் முகம் சிவந்துபோனாள். "நல்லவேளை சொன்னீங்க, முசியே. படிக்காதவ நான். தெரியாம சூப் கடையில மாட்டியிருப்பேனே." தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்துக்குள் நடந்துவிட்டாள்.

"அது கைதான், மதாம்! எங்கம்மா கைதான்!" என்று கத்திக்கொண்டே க்ளெமான்ஸ் பூச்சை நடுவில் விட்டுக் குதித்தாள். வாசல்வரை ஓடினாள். மதாமைக் காணோம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தால், படத்தின் குறுக்கே வார்னிஷ் காய்ந்து ஒரு கோடு. அதைக் காட்டி நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் பெர்தோலன்: "இதோ, ரேடியக் கதிர்!"

"அது நான் விட்ட தழும்பு, முசியே."

"பாவம்," என்றார் அவர் கூட்டத்தைப் பார்த்து, "வரைஞ்சவங்களுக்கு என்னைக்குமே தெரியாது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஏழு கைகளுக்கு உங்கள் மனத்திலும் இப்போது ஒரு விளக்கம் தயாராக இருக்கிறதே, அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.