வானம் என்று வாங்கிய ஸ்பேஸ் கிட்

விலையைப் பார்த்தால் மனிதனுக்குக் கண் மங்கும். அழகான நிறத்தைப் பார்த்தால் மூளை மங்கும். இரண்டையும் ஒரே இணையப் பக்கத்தில் பார்த்தவன் நான். மிச்சம் மங்குவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது பலாலி வீதித் திருநெல்வேலியில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை. எனக்கு எதிர் மேசையில் ஜெனிற்றா. கடலோரக் குருநகர்ப் பெண். அவளுடைய கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, கறுப்புக் கட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒரு நாள் தேநீர் நேரத்தில் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“காலமை எங்கடை கரையிலை நிண்டு பாத்தா கடல் ஒரு நிறமாக் கிடக்கும். பச்சையுமில்லை, நீலமுமில்லை. உந்தக் கட்டையள் அந்த நிறத்திலை இருந்தா எவ்வளவு வடிவு!”

சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை. பல மாதங்களாகத் திரும்பவில்லை.

கீபோர்டுக் கட்டைகளின் மேல் மாட்டும் வண்ண மூடிகளைத் தனியாகச் செய்து விற்கிறார்கள் என்பதை அப்படித்தான் அறிந்தேன். அதற்கென்றே ஓர் உலகம் இருக்கிறது. தேடிக்கொண்டே போனபோது வெளிநாட்டுக் கடை ஒன்றின் பக்கத்தில் அந்தக் கடல் கிடந்தது. அதே நிறம். விளிம்பில் கொஞ்சம் விடியலின் ரோஸ் வேறு. நான் கதிரையில் இருந்தபடியே முழங்கால் வரை நனைந்துபோனேன்.

பிறகு விலையைப் பார்த்துக் கரையேறினேன்.

‘பேஸ் கிட்’ என்ற முதல் பெட்டியின் விலை என் அறை வாடகையை இரண்டு மாதத்துக்கு விழுங்கக்கூடியது. அதன் கீழே இலக்கங்களுக்கு ஒரு கிட். நிலா, மீன் என்று குட்டிப் படங்கள் போட்ட மூடிகளுக்கு ஒரு கிட். கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவாக, ‘ஸ்பேஸ் கிட்’. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழுக் கீபோர்டின் படத்தையே போட்டிருந்தார்கள். ஸ்பேஸ் என்றால் விண்வெளி. விடியல் வானத்தின் நிறத்தில் செய்ததால் அந்தப் பெயர் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். (தொழில் மொழிபெயர்ப்பு என்பதை மறந்துவிடாதீர்கள்.) பேஸ் கிட்டை வாங்குகிற மடையர்களை நினைத்து உண்மையாகவே இரக்கப்பட்டேன்.

ஸ்பேஸ் கிட்டுக்குப் பணத்தைக் கட்டினேன். ஓடர்கள் சேர்ந்த பிறகுதான் செய்யத் தொடங்குவார்களாம். ஆகவே காத்திருந்தேன். பலாலி வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடலின் மேல் அவளுடைய விரல்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். சில நாட்களில் நானும் அந்தக் கரையில் நிற்பேன். கொண்டக்டர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டு நிற்பார்.

பெட்டி வருவதற்கு முன் வேறொரு செய்தி வந்தது. ஜெனிற்றாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குப் பொழுது இருண்டுபோயிற்று. நல்லவேளையாக, அவள் புறப்படும் வாரத்தில் பெட்டியும் வந்து சேர்ந்தது. நான் அதைத் திறக்கவில்லை. முதலில் அவள் கண்தான் படவேண்டும். அவள் கண் கலங்கும்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடவேண்டும். சொல்லவேண்டிய வசனங்களைக் குளியலறையில் ஒத்திகையும் பார்த்துவிட்டேன்.

பிரியாவிடை நாளில், ரோல்ஸும் தேநீரும் முடிந்த கையோடு, எல்லோருக்கும் முன்னால் பெட்டியைக் கொடுத்தேன். அவள் மெதுவாகத் திறந்தாள்.

உள்ளே வெறும் நீளக் கட்டைகள். கடல் நிறத்தில், ரோஸ் நிறத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்களில். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

எங்கள் மனேஜர் சுதன் அண்ணை எட்டிப் பார்த்தார். “உதென்னடா அருள், ஐஸ்கிறீம் தடியளோ?”

“எழுத்துகள் எங்கை?” என்றாள் ஜெனிற்றா.

“அடியிலை இருக்கும்” என்றேன். பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு துண்டு ஸ்பொஞ்ச் விழுந்தது.

சுதன் அண்ணை தன் கணினியில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, சபைக்குக் கேட்க வாசித்தார். எழுத்துகள் பேஸ் கிட்டில் மட்டுமே. ஸ்பேஸ் கிட் என்பது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடத் தட்டும் கட்டைக்கான மூடிகள், பல அளவுகளில்.

“ஸ்பேஸ் எண்டா வானம் எண்டெல்லோ நினைச்சன்...” என்றேன்.

அந்தக் கட்டிடம் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஜெனிற்றாவின் கண்கள் கலங்கத்தான் செய்தன, சிரித்துச் சிரித்து. நான் வெளியே போய், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் யாருடையதோ ஒரு சைக்கிளின் மணியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள்.

“என்னத்துக்கு உந்தக் கட்டையளை வாங்கினனீங்கள்?”

“நீங்கள் சொன்ன நிறம்.”

“நான் எப்ப சொன்னனான்?” (அவளுக்கு நினைவே இல்லை!)

கடற்கரை, காலை, பச்சையுமில்லை நீலமுமில்லை என்று அவள் சொன்னதை அவளுக்கே ஒப்புவித்தேன். அவளுடைய சிரிப்பு மெல்ல நின்றது.

“அது போன வருசமெல்லோ? இவ்வளவு நாளும் அந்த நிறத்தையோ நினைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

இதைவிட நல்ல தருணம் ஒருவனுக்கு வாய்க்காது. ஒத்திகை பார்த்த வசனங்களைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை.

“வேண்டாமெண்டா திருப்பி அனுப்பலாம்” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கடல் நிறக் கட்டையை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “போயிட்டு வாறன்” என்று போய்விட்டாள்.

ஒரு மாதம்போல் சத்தமில்லை. பிறகு பஸ்ஸில் போகும்போது ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. கொழும்பு மேசையில் முழுக் கறுப்புக் கீபோர்ட். கீழே நடுவில் ஒரேயொரு கட்டை மட்டும் விடியற்காலைக் கடலாகக் கிடந்தது. அதன் கீழ் எழுதியிருந்தாள்: “ஒவ்வொரு சொல் முடியவும் உங்கடை கட்டையிலைதான் கை போகுது. உங்களை நினையாமல் ஒரு வசனம் அடிக்க ஏலாமல் கிடக்கு. இனி என்ன செய்யிறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

நான் இறங்கவேண்டிய திருநெல்வேலிச் சந்தி எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது. உரும்பிராயில் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவால் நடந்தே திரும்பினேன். வெயில்கூட ரோஸ் நிறத்தில் இருந்தது.

கலியாணம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. என் மாமனார் கடல் தொழிலாளி, கீபோர்டைத் தொட்டதில்லை. ஆனால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார். கலியாணப் படத்தில் எனக்கும் ஜெனிற்றாவுக்கும் நடுவே சற்று வெளி தெரியும். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டி, “இதுவும் மருமகன் ஓடர் பண்ணி எடுப்பிச்சது” என்பார். வேலியில் நாய் நுழைகிற அளவுக்குப் பொட்டு விழுந்தாலும், பந்தியில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தாலும் பழி எனக்குத்தான்.

போன மாதம் எங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. மாமனார் அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி, வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“பாத்தியளே, பிள்ளைக்கும் ஒரு ஸ்பேஸ் கிட் எடுத்துக் குடுத்திருக்கிறார்!”

மகள் அந்த ஓட்டையை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் மிகவும் அக்கறையாகக் கேட்டாள்:

“அப்பா, இது என்ன விலை?”