டாக்டருக்கு முன்னால் ரிசல்ட் பார்ப்பவர்

ஒரு மாரடைப்பு வந்து பிழைத்துவிட்டாலே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் வடகோடிக் குளிரில் கிடக்கும் எங்கள் டுலூத்தில் சர்ச்சுக்கு ஒருவராவது தேறுவார்.

மார்டெல் அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டவள். பெயர் ஆர்விட். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்கு இறங்கிய கீழ்த்தளத்தில், ஒரு கையில் கோப்பையும் மறு கையில் போனுமாக, பாஸ்டர் முதல் பாத்திரம் கழுவுகிறவர்கள் வரை மறித்து நிறுத்தி, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்று ஒன்று கசியும், தனக்கு அது எவ்வளவு ஏறியது, எப்படி இறங்கியது என்று, ஏதோ மலையேறித் திரும்பியவர் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். யாராவது கேட்டார்களா? இல்லை.

நடுவில் தாடையைத் தடவினார். போன தடவையும் வலி அங்கேதான் ஆரம்பித்தது. மார்டெல் பார்த்துவிட்டாள்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காபியோட லெமன் பார் கேக் சாப்பிட்டேன்ல, வாயு."

"வாயு தாடையிலயா போய் உக்காரும்? வாய மூடிட்டு உக்காரு."

ஆம்புலன்சுக்கு அவளே போன் போட்டாள். வந்தவர்களிடம் ஆர்விட், "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்களுக்கு வேற தொந்தரவு" என்று மன்னிப்புக் கேட்டார். இந்த ஊர் ஆண்கள் சாகும்போதும் யாருக்கும் சிரமம் கொடுக்கமாட்டார்கள், பெண்டாட்டிக்குத் தவிர.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜி எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வருவதற்குள் ஆஸ்பத்திரி ஆப் வழியாக ரிசல்ட் அவர் போனுக்கு வந்துவிட்டது. ஆர்விட்டின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! போன வாரத்தவிட கம்மி. நான் சொல்லல? வாயுதான். கிளம்பு."

நர்ஸ் ரோவேனா இடுப்பில் கைவைத்தாள். "படுங்க சார். அது போன அட்டாக்கோட மிச்சமாவும் இருக்கலாம். அது ரத்தத்த விட்டுப் போகவே நாளாகும். புதுசா ஒண்ணு வந்துருக்கான்னு ஒத்த நம்பர் சொல்லாது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம். இறங்கிட்டே போனா பழசு. ஏறினா புதுசு."

"எனக்குத் தெரியாததா?" என்று பூட்ஸைத் தேடினார். அது மார்டெலின் மடியில் இருந்தது.

"வெறுங்காலோட பனியில நடக்கறதுன்னா நட," என்றாள். "நான் விதவையாறதுன்னா உன் போனப் பாத்து ஆகமாட்டேன்."

அவர் நடக்கவில்லை. முறைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி போன் மணியடித்தது. பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக ஆர்விட் போனை மார்டெலிடம் நீட்டினார். எண் ஏறியிருந்தது. அடுத்த நிமிடம் அறை முழுக்க ஆட்கள். கட்டிலை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். மார்டெல் பூட்ஸைக் கட்டிப்பிடித்தபடி வராந்தாவில் நின்றாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அந்தப் பூட்ஸையே திட்டினாள்.

அடைப்பை எடுத்தார்கள். பிழைத்தார். மறுநாள் காலை அவள் உள்ளே நுழையும்போது பக்கத்துக் கட்டில்காரருக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது: "ஒத்த நம்பர நம்பவே கூடாது பாருங்க. ரெண்டயும் சேத்துப் பாக்கணும். நான் அப்பவே சொன்னேன்."

"யாரு சொன்னது?" என்றாள் மார்டெல். அவருக்குக் காது கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடும்வரை பொறுக்காமல் கழிப்பறையில் உட்கார்ந்து போனைத் திறந்து, புரியாத எண்ணைப் பார்த்துத் தலையாட்டி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டில் அறிவித்தது யார்? நான் யாரையும் பெயர் சொல்லவில்லை. உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்கிறேன்.