கோட்டைக்குள் என்ன பாட்டு?

வீடியோ கேமை உலகமே ஆடியது. அதை உட்கார்ந்து கேட்ட ஒரே பிறவி, மைசூரில் எங்கள் ஹாஸ்டலில் இருந்த ஸ்டேஜ் சிஸ்டர்தான். அச்சுப்பிழை இல்லை, ‘கேட்ட’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இல்லை, எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று யாராவது கிளம்பினால் நான் சண்டைக்குத் தயார்.

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் இருந்தேன். ஒரு கம்பெனியில் டெலிஃபோன் ஆபரேட்டர் வேலை. என் குரலைக் கேட்டால் கோபமாக இருக்கிறவர்கள்கூடத் தணிந்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். என் அறையில் இன்னொரு கட்டிலில் இருந்தவர் நர்ஸ். கோபிநத்தம் பக்கத்துக்காரர், என்னைவிட நன்றாக மூத்தவர். வீட்டில் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் ஸ்டேஜ் சிஸ்டர்.

அக்கா மகனுக்குப் பரிசாக அவர் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். டிவியோடு மாட்டுகிற பெட்டி, பிடித்து ஆட ஒரு ரிமோட், மேலே செருக ஒரு மஞ்சள் கேசட். “ஊருக்குக் கொண்டுபோயி வேலை செய்யலைன்னா பையன் மூஞ்சி சுண்டிப்போயிருமுங். ஒருக்கா போட்டுப் பாத்தரலாம்” என்று ஹாலில் இருந்த பொது டிவியில் மாட்டினார். அதோடு சரி. அந்தப் பெட்டி அவர் ஊருக்குப் போகும் கொள்ளேகால் பஸ்ஸைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. அக்கா மகனுக்கு ஒரு லீவில் ஃபுட்பால் போனது, அடுத்த லீவில் ஸ்வெட்டர் போனது.

கேம் என்னவோ சாதாரணக் கேம்தான். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு குள்ளன் காடு, குகை, கடல், பனிமலை என்று ஒவ்வொரு ஸ்டேஜாகத் தாண்டிக் கடைசியில் கோட்டைக்குள் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு பாட்டு. வார்த்தை கிடையாது, வயலின் தபலா கிடையாது. டிங் டிங், டுடுடூ, பூம் பூம், அவ்வளவுதான் சரக்கு. மற்றவர்கள் குள்ளனை ஓட்டுவதற்காக ஆடினார்கள். சிஸ்டர் குள்ளனை நிறுத்துவதற்காக ஆடினார்.

ஆமாம், நிறுத்துவதற்காக! கடலுக்குள் இறங்கியதும் ஒரு பாறை ஓரமாகக் குள்ளனை ஒதுக்கி நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். மேலே நேரம் குறைந்துகொண்டே போகும். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் கதறுவோம்.

“சிஸ்டர், நகருங்க! டைம் போகுது!”

“கம்முனு இருங்கம்மணி. அந்த வளைஞ்சு எறங்கற எடம் இப்பத்தான் வருது.”

“குள்ளன் செத்துடுவான் சிஸ்டர்!”

“செத்தா மறுக்கா பொறப்பான். பாட்டு நடுவுல போச்சுன்னா?”

நேரம் முடியப்போகும்போது அந்தப் பாட்டு தலைதெறிக்க ஓடும் பாருங்கள், அதற்காகவே அவர் காத்திருப்பார். “கேட்டீங்களா, கேட்டீங்களா!” என்று எங்கள் முதுகில் அறைவார். குள்ளன் செத்து விழுவான். சிஸ்டர் முகத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட திருப்தி.

கேசட் சில நாள் எடுக்காது. திரையில் வெறும் கோடு கோடாக வரும். ஊரில் எல்லோரும் வாயால் ஊதிச் செருகுவார்கள். சிஸ்டரிடம் அந்த வேலை நடக்காது. “எச்சில் பட்டாக் கிருமி!” என்று ஒரு அதட்டல். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கேசட்டின் பல்லைத் துடைத்து, காயவிட்டு, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிச் செருகுவார். கேசட் பயந்துகொண்டு வேலை செய்யும். எங்கள் ஹால் வாரம் முழுக்க ஊசி போடும் அறை மாதிரி மணத்தது.

வார்டன் மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது. கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது, ஆனால் கோபம் கன்னடத்தில்தான் வரும். “ஏன்ரீ இது, தலெ கெட்டோகுத்தெ! சாக்கு, சாக்கு!” என்று தலையைப் பிடித்துக்கொண்டு வருவார். சாக்கு என்றால் அங்கே போதும் என்று அர்த்தம். சிஸ்டர் உடனே எழுந்து நின்று, “சரிங் மேடம், இந்தக் குகை மட்டும் முடிஞ்சரட்டுமுங்” என்பார். அந்தக் குகை எந்த ஞாயிற்றுக்கிழமையும் முடிந்ததில்லை. மேடம் தன் அறைக் கதவைப் படீரென்று சாத்துவார்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லாவிட்டால் பாவம். ஹாஸ்டலில் சேர வந்த ஒரு பெண்ணோடு அவள் அப்பாவும் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். நைட் டியூட்டி முடிந்து வந்த சிஸ்டர் என்னைப் பார்த்து, “நேத்து நாலாவது ஸ்டேஜுக்கு வந்தாச்சு கண்ணு. பொழைக்கறது கஷ்டம். ரெண்டு தடவ உசுரு போயிப் போயி வந்துச்சு. அப்பறம் நானே கரண்ட்டப் புடுங்கி உட்டுட்டேன்” என்றார். அந்தப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, யாருக்கும்மா?”

“ஒரு குள்ளனுக்குங்க.”

பெரியவர் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு டிவியைப் போட்டுக் காட்டிக் காபி கொடுத்து உட்காரவைக்க நாங்கள் பட்ட பாடு! அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஸ்டேஜ் சிஸ்டர்.

ஆஸ்பத்திரியிலும் இதே கூத்து. ஊசி போடும்போது அவர் வாய் தானாக முணுமுணுக்கும். ஒரு நாள் ஒரு காலேஜ் பையனுக்கு டிரிப் போட நரம்பு தேடியிருக்கிறார். நரம்பு நழுவிவிட்டது. சிஸ்டர் தன்னையறியாமல் ‘டுடு டுடு டும்’ என்று முணுமுணுத்துவிட்டார். குள்ளன் சாகும்போது வருகிற பாட்டு. பையன் நன்றாகக் கேம் ஆடுகிறவன் போலிருக்கிறது, கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “சிஸ்டர், எனக்கு என்ன ஆச்சு? நெஜத்தச் சொல்லுங்க!” அன்றிலிருந்து ஊசிக்குக் கடல் பாட்டு மட்டும்தான் என்று சிஸ்டர் சட்டம் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஆரம்பத்தில் ஒரே எரிச்சல். எத்தனை நல்ல சினிமாப் பாட்டு இருக்க, இந்த டிங்டிங்கில் அப்படி என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். சிஸ்டர் கோபப்படவில்லை.

“நீ ரேடியோவுல பாட்டுக் கேக்கறப்ப என்ன பண்ணுவே?”

“தலை வாருவேன், துணி மடிப்பேன்.”

“அதான். பாட்டு ஒருபக்கம், நீ ஒருபக்கம். இங்க அப்படியா? உசுரக் கையில புடிச்சுட்டுக் கேக்கறோம். பள்ளம் வருதோ, பாம்பு வருதோன்னு நெஞ்சு அடிக்குது, அப்ப காதுல உழற பாட்டு எப்படிக் கண்ணு மறக்கும்? அதுவுமில்லாம, தோத்துத் தோத்து மறுக்காவும் மொதல்லருந்து கேக்கறோம். எந்தச் சினிமாப் பாட்ட நீ அத்தன தடவ அடி வாங்கிட்டுக் கேட்டிருக்கே?”

அடுத்த வாரம் ஆபீஸில் லைன் போட்டுக் கொடுக்கும் இடைவெளியில் நான் குகைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலே இப்படித்தான் ஆனது. சமையல்கார அம்மா கடல் பாட்டுக்குச் சப்பாத்தி உருட்டினார். பனிமலைப் பாட்டைப் பாத்ரூமில் யார் பாடினாலும் வெளியே நிற்கிறவள் அதை முடித்துவைத்தாள்.

ஆனால் கோட்டைப் பாட்டை மட்டும் யாரும் கேட்டதில்லை. அதுவரை போனவர்களே கிடையாது. சிஸ்டருக்கு அது ஒரு பெரிய ஏக்கம். அது அதிர அதிர இருக்கும் என்பார், கோயில் மேளம் மாதிரி வரும் என்பார். சாப்பிடும்போது திடீரென்று, “கோட்டைக்குள்ள என்ன பாட்டா இருக்குமுங்?” என்பார்.

இந்த நேரம் பார்த்து அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தில் கடன் கப்பி எல்லாம் அவர் தலையில்தான். போகாமல் முடியாது. பிளேன் ஏற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஊர், மனிதர், மாதேஸ்வரன் மலை எல்லாவற்றையும் விட்டுப் போகிறவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “போறதுக்குள்ள அந்தக் கோட்டப் பாட்ட ஒருக்கா கேட்டரோணும் கண்ணு.”

புறப்படும் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே ஹால் நிறைந்துவிட்டது. ரிமோட்டை சிஸ்டர் தொடக் கூடாது, தொட்டால் கடலில் நின்றுவிடுவார் என்று ஏகமனதாகத் தீர்மானித்து என்னிடம் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. அன்று நான் ஆடியது ஆட்டம்! காட்டைத் தாண்டினேன், குகையைத் தாண்டினேன். கடலில் மட்டும் சிஸ்டர், “கொஞ்ச நேரம் நிறுத்து கண்ணு” என்று கெஞ்சினார். “மூச்!” என்றேன். பனிமலையில் கடைசி உயிர். சமையல்கார அம்மா மாவுக் கையோடு வந்து நின்றார். பனிமலை முடிந்தது. கோட்டைக் கதவு மெல்லத் திறந்தது. குள்ளன் உள்ளே காலை வைத்தான். ‘டூ...’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தது.

கரண்ட் போய்விட்டது.

இந்த மாதிரிப் பெட்டியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி காட்டிலிருந்துதான். கரண்ட் வருவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. சிஸ்டர் தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “ஒரு சத்தமாச்சும் கேட்டனுங்களே, அது போதும்” என்று சிரித்தார். அவர் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததில்லை. “கோட்டைப் பாட்டை நான் கேட்டுச் சொல்றேன் சிஸ்டர், இது சத்தியம்” என்று ஆட்டோவோடு கூடவே ஓடிக்கொண்டே கத்தினேன்.

டிவி கேமை எங்களுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு அங்கே லீவு. வார்டன் அறை ஃபோனுக்குக் கூப்பிடுவார். சாப்பாடு எப்படி, வேலை எப்படி என்று நான் கேட்டால் எல்லாவற்றுக்கும், “இருக்குதுங்” என்பார். பக்கத்துக் கட்டில்காரியோடு பேசக்கூட மொழி இல்லை என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் மெதுவாக, “கோட்டை?” என்பார். “இன்னும் இல்லை சிஸ்டர்” என்று சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும். வெறி பிடித்தது மாதிரி ஆடினேன். பனிமலையில் நான் செத்த சாவுக்குக் கணக்கே இல்லை.

ஒரு நாள் உள்ளே போயே போய்விட்டேன். மேளமும் இல்லை, அதிர்வும் இல்லை. தூளியை ஆட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய பாட்டு. ஹாலில் நாங்கள் நாலைந்து பேர் அப்படியே உட்கார்ந்திருந்தோம். குள்ளனை ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டு, நேரம் முடிகிறவரை கேட்டேன். ஜெயிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. டிவி ஹாலில், ஃபோன் வார்டன் அறையில். ஒயர் எட்டாது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “கேளுங்க சிஸ்டர்” என்று வாயாலேயே பாடினேன். என் குரல் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையில் உச்சத்துக்கே போனேன்.

“ஏய், தப்பும்மா அது!”

திரும்பிப் பார்த்தேன். வார்டன் மேடம்.

“அங்க மேல போகாது கணே, கீழ எறங்கும். கொடு இல்லி!” ஃபோனைப் பிடுங்கினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு நாள் கேட்ட பாட்டை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சத்தம் பிசகாமல் பாடினார். பாடிவிட்டு, “ஊட்ட ஆய்த்தா சிஸ்டர்?” என்று சாப்பாட்டை விசாரித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஃபோனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

“கண்ணு,” என்றார் சிஸ்டர். “மேடம் பாடுனதுதான் கோட்டை. நீ பாடுனது எந்த ஸ்டேஜு?”

“அதுவும் கோட்டைதான் சிஸ்டர்.”

“இல்லீங். அது வேற என்னமோ. ஆனா அதையும் மறுக்கா பாடு, உன்ர சத்தத்தக் கேட்டு நொம்ப நாளாச்சு.”

மறுபடியும் பாடினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். விட்ட இடத்திலிருந்து சிஸ்டர் எடுத்துப் பாடி முடித்துவைத்தார்.