மாமாவின் இசைத்தட்டுக்குப் போட்ட புது ஊசி

நல்ல காது வாய்த்தவனுக்கு வாயைக் கொஞ்சம் சின்னதாகப் படைத்திருக்கலாம். எனக்கு ஆண்டவன் இரண்டையும் தாராளமாகவே கொடுத்துவிட்டான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பதுளையில் பள்ளிக்கூட வாத்தியார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகள் சாந்தியைப் பெண் கேட்டிருந்தோம். அவளுக்குச் சம்மதம். அவள் அப்பாதான் ‘பார்க்கலாம்’ என்று இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய பெருமையெல்லாம் ஓர் இசைத்தட்டில் இருந்தது. வாலிபத்தில் தோட்டத்து பஜனைக் கோஷ்டியோடு கொழும்புக்குப் போய், முருகன் பாட்டொன்றுக்குப் பின்பாட்டுப் பாடியிருந்தார். பின்பாட்டுக்கு நான்கு பேர். வீட்டிலிருந்த பழைய ரெக்கார்ட் பிளேயரில் நால்வரும் சேர்ந்து தகரக் கூரையில் மழை பெய்வதுபோலக் கேட்பார்கள். தட்டு தங்கம், மெஷின்தான் சரியில்லை என்பார் அவர்.

அவரை மடக்க இதைவிட வழி ஏது? பண்டாரவளையில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவரைப் பிடித்து, புது ஊசி, பெல்ட், நல்ல ஸ்பீக்கர் இரண்டு எல்லாம் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். தட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உறவுக்காரர்கள் கூடியிருக்க ஊசியை வைத்தேன்.

இரைச்சல் போயே போய்விட்டது. தாளம் கணீரென்று விழுந்தது. நால்வரும் தனித்தனியாகக் கேட்டார்கள். மூவர் ஒரே சுருதியில். நாலாவது ஆள் தாளத்துக்குப் பின்னால், சுருதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல், ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாக.

“அந்த நாலாவது ஆள் யாருங்க மாமா? அவர வெளிய நிப்பாட்டியிருந்தா பாட்டு எங்கயோ போயிருக்கும்” என்றேன். (அதுவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டிருந்தேன். உற்சாகத்தில் உறவும் வந்துவிட்டது.)

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். நாலாவது ஆள் மட்டும் பாடிக்கொண்டே இருந்தார். சாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

சாந்தியின் அம்மாதான் முதலில் சிரித்தார். “இத்தன வருசமா பாவம் அந்த மெஷினத் திட்டுனீங்களேங்க” என்றார்.

மாமா எழுந்து, தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாணத்த வச்சிக்கலாம். ஆனா அன்னைக்கு நான் பாடுவேன். மாப்பிள முன்னுக்கு ஒக்காந்து கேக்கணும்.”

பாடினார். மூன்று பாட்டு. கழுத்தில் மாலையோடு தலையாட்டினேன். இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது மாமா தொண்டையைச் செருமினால், சாந்தி முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் போய் உட்கார்ந்துகொள்வேன், சந்தோஷமாகவே.