அலுமாரிக்குப் பின்னால் ஒளித்த பொல்லு

கோப்பாயிலிருந்து தெல்லிப்பழை வரை சந்திக்குச் சந்தி ரியூசன் வாத்திமார் இருக்கிறார்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு ரியூசன் கொடுத்தவர் இந்தக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் ஒத்திகை அண்ணை. சொந்தப் பெயரை அவருடைய வீட்டுக்காரரே மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிரதேச செயலகத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். அரசாங்க உதவி கேட்டுக் கிடைக்காமல் வெளியே வருகிறவர்கள், காற்றடிக்கிற சாட்டில் அவரிடம் அழுதுவிட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டு, எந்தப் பதிலால் யாருக்கு என்ன இல்லாமல் போனது என்பது அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகுதான், உத்தியோகத்தர் வருவதற்கு முன்னால் தானே உத்தியோகத்தராக வீடு வீடாகப் போய் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

நெல்லியடிப் பக்கம் ஒரு வீட்டில் ஒத்திகை நடக்கும்போது உண்மையான உத்தியோகத்தரே வந்துவிட்டாராம். "ஒராள் விசாரிச்சுக்கொண்டிருக்கிறது தெரியேல்லையோ? வெளியிலை நில்லும்" என்று இவர் சொல்ல, அந்த மனுசனும் பேசாமல் கால் மணித்தியாலம் வாசலில் நின்றாராம்.

எங்கள் அக்காவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது காலும் இடது கையும் சோர்ந்து போயின. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாள். "எத்தினை நாளைக்கு உன்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறது தம்பி? ஒரு சீப்பு வாங்கவும் உன்னைத்தானே கேக்கவேணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

தகுதி பார்க்க உத்தியோகத்தர் வருகிறார் என்று தகவல் வந்தது. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நாங்கள் சும்மா இருப்போமா? கதிரை உறைகளை மாற்றினோம். அக்கா நல்ல சேலை உடுத்தாள். ஊன்றி நடக்கிற பொல்லை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கஷ்டம் ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"ஒரு கஷ்டமும் இல்லை சேர். எல்லாம் நானே செய்வன்."

நானும் என் பங்குக்கு, "அக்கா எங்களைவிடக் கெட்டிக்காரி" என்றேன். நாங்கள் சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். தகுதியில்லை என்று கடிதம் வந்தது. அவரில் ஒரு பிழையும் இல்லை.

கடிதத்தோடு சைக்கிள் கடைக்கு ஓடினேன். "மேன்முறையீடு போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் உத்தியோகத்தரா வாறன்" என்றார் ஒத்திகை அண்ணை.

வந்தார். மடிப்புக் குலையாத சேட்டு, பொக்கற்றில் இரண்டு பேனை, கமக்கட்டில் பைல். நகத்தில் மட்டும் கிறீஸ். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அக்கா தேநீர் என்றதும், "கடமை நேரத்திலை குடிக்கிறேல்லை" என்றார்.

"கிணத்திலை தண்ணி அள்ளுவியளோ?"

"அள்ளுவன்."

"நேற்று ஆர் அள்ளினது?"

"தம்பி."

"முந்தநாள்?"

"தம்பி."

"அப்ப தம்பிக்கு அள்ள ஏலும் எண்டு எழுதட்டோ?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலாது எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு."

அவர் பேனையை மூடினார். "கூட்டியும் சொல்லவேண்டாம் பிள்ளை, குறைச்சும் சொல்லவேண்டாம். ஏலாததைச் சொன்னாப்போலை ஏலுமானது குறைஞ்சு போகாது."

பொல்லை எடுத்துவரச் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். மூன்றாம் தரம் அக்கா "ஏலாது" என்று சொல்லி அழுதாள். அவர் எழுந்து படலைக்கு வெளியே போய், சைக்கிளைத் திருப்பி, மணி அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "இப்ப நான் நான்தான். தேத்தண்ணியைக் கொண்டாங்கோ" என்றார்.

உத்தியோகத்தர் மறுபடி வந்தபோது பொல்லு அக்காவின் கையிலேயே இருந்தது. கொடுப்பனவு கிடைத்தது. முதல் மாதம் அவள் என்னைக் கேட்காமல் ஒரு சீப்பு வாங்கினாள். ஒத்திகை அண்ணைக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது?

போன வருடம் அவருக்கு முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து போய்விட்டன. கடை பூட்டிக் கிடந்தது. விசாரித்தவர்களிடமெல்லாம் "சும்மா ஒரு உளைவு" என்றாராம். இதைக் கேள்விப்பட்டதும் அக்கா நல்ல சேலையை உடுத்து, கமக்கட்டில் ஒரு பைலை வைத்துக்கொண்டு, என்னோடு ஓட்டோவில் ஏறினாள். அவர் மனைவி நீட்டிய தேநீரை வாங்கவில்லை.

"கிணத்தடிக்குத் தனியப் போவியளோ?"

"போவன்."

"நேற்று ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். "மனுசி" என்றார்.

"முந்தநாள்?"

முழங்காலைத் தடவினார். பிறகு "ஏலாது பிள்ளை" என்றார்.

அக்கா பைலை மூடினாள். பொல்லை ஊன்றி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். "இப்ப நான் நான்தான் அண்ணை. தேத்தண்ணி தாங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு அவரும் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார். போன கிழமை அவர் வீட்டுக்கு உண்மையான உத்தியோகத்தர் வந்து போயிருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் தபால்காரரின் மணி கேட்டால் போதும், அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு படலைக்கு வந்துவிடுகிறாள். "அண்ணைக்குக் கடிதம் வந்திட்டுதோ?" என்று கேட்கத்தான்.